‘உப்பு இறங்கிவிட்டது’ என்றால் உப்பைக் கொடுப்பதா? இரத்த சோடியம்: காரணம் அறியும் வழி



நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி விண்ணப்பங்களோடு ஆஸ்பத்திரிச் சீட்டுகளும் இரத்தப் பரிசோதனைத் தாள்களும் சேர்ந்து வருகின்றன. வயதானவர்களின் தாள்களில் நாங்கள் அடிக்கடி காணும் ஒரு வரி ‘சோடியம்’. அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பார்கள். கூட வந்த பிள்ளைகளிடம் கேட்டால், “உடம்பில் உப்பு இறங்கிவிட்டதாம்” என்பார்கள். ஏன் இறங்கியது என்று கேட்டால் பதில் இருக்காது. அந்த ‘ஏன்’ என்ற கேள்வியைப் பற்றியதுதான் இந்தப் பாடம். மருத்துவருக்குக் கற்றுக்கொடுக்க நாங்கள் இதை எழுதவில்லை. மருத்துவர் கேட்கும்போது சரியான பதிலோடு நாம் நிற்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறோம்.

ஒரு வீட்டில் நடந்தது

செங்கோட்டையில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு தாயார். மூத்த மகன் வளைகுடாவில், இளையவர் ஊரில். இரத்த அழுத்தத்துக்குப் பல வருடமாக மாத்திரை சாப்பிட்டு வந்தவர். மூன்று வாரத்துக்கு முன் ஒரு மருத்துவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருந்தார். மூட்டு வலிக்குத் தண்ணீர் நிறையக் குடித்தால் நல்லது என்று யாரோ சொன்னதால் அதையும் செய்து வந்தார். பசி இல்லை என்று இரண்டு வேளையும் கஞ்சிதான்.

முதல் நாள் நடையில் தள்ளாட்டம். மறுநாள் பேத்தியைப் பார்த்து “நீ யாரு?” என்று கேட்டார். இறந்துபோன கணவர் வாசலில் நிற்பதாகச் சொன்னார். காற்று சேர்ந்திருக்கும் என்று சிலர் சொல்ல, ஓதி ஊதிப் பார்த்தார்கள். வயதாகிவிட்டது, மறதி வந்துவிட்டது என்றார்கள் சிலர். மூன்றாம் நாள் வாந்தி. இரத்தம் எடுத்துப் பார்த்ததில் சோடியம் 114.

உப்பு குறைவு என்று கேட்டதும், இளைய மகன் ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் உப்பைக் கரைத்துக் கொடுத்தார். பாசத்தில் செய்ததுதான். ஆனால் வாந்தி இரட்டிப்பாகி, தாயார் மயங்கிச் சரிந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றபோது மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க? கொண்டு வந்திருக்கீங்களா?” என்பதுதான். மாத்திரைப் பை வீட்டில் இருந்தது. அதை எடுத்துவர ஒன்றரை மணி நேரம் ஆனது.

ஒரே சொல், மூன்று பொருள்

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் ‘உப்பு’ என்று மூன்று விஷயங்களைச் சொல்கிறோம். கர்ப்பிணிப் பெண்ணின் சிறுநீரில் ‘உப்பு’ இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் அல்புமின் என்ற புரதம். சிறுநீரக நோயாளிக்கு ‘உப்பு’ கூடிவிட்டது என்றால் அது யூரியா அல்லது கிரியாட்டினின். இரத்தத்தில் ‘உப்பு’ இறங்கிவிட்டது என்றால்தான் அது சோடியம்.

மூன்றும் வேறு வேறு. சிறுநீரகக் கோளாறுக்காக உப்பைக் குறைக்கச் சொன்னவரின் வீட்டில், சோடியம் குறைந்ததாகக் கேட்டதும் உப்பை அள்ளிப் போடுகிறார்கள். அதனால் தாளைக் கையில் வாங்கியதும், எந்த உப்பு என்று பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சோடியம் எண் எதைக் காட்டுகிறது?

இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருப்பது இயல்பு. 135க்குக் கீழே போனால் குறைவு. 125க்குக் கீழே போனால் கடுமையான குறைவு. 145க்கு மேலே போனால் கூடுதல்.

இந்த எண் உடம்பில் மொத்தம் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதைக் காட்டுவதில்லை. எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு உப்பு என்ற விகிதத்தையே காட்டுகிறது. ஒரு சட்டி ரசத்தில் உப்பு சரியாக இருக்கிறது. அதில் இரண்டு செம்பு தண்ணீரை ஊற்றினால் உப்பு சப்பென்று ஆகிவிடும். உப்பு எங்கும் போகவில்லை, தண்ணீர்தான் கூடியது. அதே ரசத்தைச் சுண்ட வைத்தால் உப்புக் கரிக்கும். யாரும் உப்புப் போடவில்லை, தண்ணீர்தான் குறைந்தது. சோடியம் குறைந்தவர்களில் பெரும்பாலோருக்கு நடப்பது முதலாவது. கூடியவர்களில் பெரும்பாலோருக்கு நடப்பது இரண்டாவது.

உடலில் இந்தத் தண்ணீர் அளவை நிர்வகிப்பது மூளையிலிருந்து வரும் ஒரு ஹார்மோன். சுருக்கமாக அதை ஏ.டி.எச். என்பார்கள். அது சுரந்தால் சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். சுரக்காவிட்டால் தண்ணீரைச் சிறுநீராக வெளியேற்றும். தண்ணீர் தேவையில்லாத நேரத்திலும் அது சுரந்துகொண்டே இருந்தால் சோடியம் இறங்கும். அப்போது தண்ணீர் மூளையின் செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்க வைக்கும். மண்டை ஓட்டுக்குள் வீங்குவதற்கு இடமில்லை. அதனால்தான் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், மனக்குழப்பம், அதற்கு மேல் வலிப்பு, நினைவிழப்பு எல்லாம் வருகின்றன.

முதல் கேள்வி: இந்த எண் உண்மையா?

குளுக்கோஸ் டிரிப் ஏறிக்கொண்டிருக்கும் கையிலேயே இரத்தம் எடுத்தால், டிரிப் நீர் கலந்து சோடியம் பொய்யாகக் குறைந்து காட்டும். ஏறும் கையை விட்டு மறு கையில் எடுக்க வேண்டும். இரத்தத்தில் கொழுப்பு மிக அதிகமாக இருந்தால் சில வகைக் கருவிகள் தவறான எண்ணைக் காட்டும்.

நம் சமுதாயத்தில் சர்க்கரை நோய் இல்லாத வீடு குறைவு. சர்க்கரை மிகவும் கூடும்போது, அது செல்களுக்குள் இருக்கும் தண்ணீரை இரத்தத்துக்கு இழுக்கும். அதனால் சோடியம் நீர்த்துக் காட்டும். மருத்துவர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சர்க்கரை 100க்கு மேல் கூடும் ஒவ்வொரு 100 மி.கி.க்கும் சோடியத்தோடு சுமார் 1.6 சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒருவருக்குச் சர்க்கரை 500, சோடியம் 130 என்று வைத்துக்கொள்வோம். 100க்கு மேல் 400 கூடியிருக்கிறது. நான்கு முறை 1.6 என்றால் 6.4. அதை 130உடன் சேர்த்தால் 136க்குச் சற்று மேல். ஆக இவருக்குச் சோடியம் குறைவு இல்லை. சர்க்கரையைச் சரி செய்தால் போதும்.

இரண்டாவது கேள்வி: வறண்டவரா, வீங்கியவரா, இரண்டும் இல்லாதவரா?

எண் உண்மைதான் என்று தெரிந்த பிறகு மருத்துவர் நோயாளியின் உடலைப் பார்க்கிறார். நாக்கு உலர்ந்திருக்கிறதா, எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் இறங்குகிறதா, காலில் வீக்கம் இருக்கிறதா, வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்த்து மூன்று வகையாகப் பிரிக்கிறார்.

வறண்டவர்: வாந்தி, வயிற்றுப்போக்கு, அதிக வியர்வை, நீர் பிரியும் மாத்திரை ஆகியவற்றால் உப்பும் தண்ணீரும் சேர்ந்து போனவர். இழந்த இடத்தை வெறும் தண்ணீராலேயே நிரப்பும்போது சோடியம் இறங்குகிறது. இவருக்கு உப்பும் நீரும் வேண்டும். சலைன் ஏற்றினால் தேறுவார்.

வீங்கியவர்: இதயம் பலவீனமானவர், கல்லீரல் சுருங்கியவர், சிறுநீரகம் கெட்டவர். இவர் உடலில் உப்பும் கூடுதல், தண்ணீர் அதைவிடக் கூடுதல். இவருக்கு உப்புக் கொடுத்தால் வீக்கமும் மூச்சுத் திணறலும் கூடும். உப்பையும் தண்ணீரையும் குறைப்பதே வழி.

இரண்டும் இல்லாதவர்: பார்வைக்கு வறட்சியும் இல்லை, வீக்கமும் இல்லை. ஏ.டி.எச். தேவையின்றிச் சுரப்பதால் தண்ணீர் தங்கியவர். 1957இல் அமெரிக்காவில் ஷ்வார்ட்ஸ், பார்ட்டர் என்ற மருத்துவர்களும் அவர்களுடைய சகாக்களும் நுரையீரல் புற்றுநோய் கொண்ட இருவரிடம் இந்த நிலையைக் கண்டு எழுதினார்கள். நிமோனியா, காசநோய், மூளையில் கட்டி அல்லது இரத்தக்கசிவு, சில மருந்துகள், அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய வலி, விடாத குமட்டல் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். தைராய்டு குறைவும் கார்டிசால் குறைவும் இதே தோற்றத்தில் வரும் என்பதால் அவற்றையும் சோதித்து விலக்க வேண்டும்.

எண் ஒன்றே. ஆனால் ஒருவருக்குச் சலைன் மருந்து, இன்னொருவருக்கு அதே சலைன் கேடு. எங்களிடம் வந்த இன்னொரு விண்ணப்பம் இதற்கு உதாரணம். ஐம்பதைத் தாண்டிய ஒரு சகோதரர். ஆறு வாரமாக இருமல், மெலிவு. சோடியம் 118. அசதிக்காக ஓரிடத்தில் சலைன் ஏற்றினார்கள். மறுநாள் 115 ஆகியது. அவருடைய சிறுநீரகம் உப்பை வெளியே தள்ளிவிட்டுத் தண்ணீரை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டது. பிறகு சளியைச் சோதித்தபோதுதான் காசநோய் என்று தெரிந்தது. குடிக்கும் தண்ணீரை அளவாக்கி, காசநோய் மருந்தைத் தொடங்கிய பிறகு எண் படிப்படியாக ஏறியது.

மூன்றாவது கேள்வி: சிறுநீர் என்ன சொல்கிறது?

பல குடும்பங்கள் “இரத்தம்தான் எடுத்துவிட்டீர்களே, சிறுநீர் எதற்கு?” என்று கேட்கிறார்கள். இந்த நோயில் பாதி விடை சிறுநீரில்தான் இருக்கிறது. அதுவும் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே எடுத்த சிறுநீராக இருந்தால் நல்லது.

சிறுநீரின் அடர்த்தியை ஆஸ்மொலாலிட்டி என்ற எண்ணால் அளப்பார்கள். அது 100க்குக் கீழே இருந்தால், சிறுநீரகம் தண்ணீரை நன்றாகவே வெளியேற்றுகிறது என்று பொருள். அப்படியும் சோடியம் குறைகிறதென்றால், அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கிறார், அல்லது சாப்பாடே இல்லாமல் இருக்கிறார். இரண்டாவதைக் கவனியுங்கள். தண்ணீரை வெளியேற்ற சிறுநீரகத்துக்கு உப்பும், புரதத்திலிருந்து வரும் யூரியாவும் துணையாக வேண்டும். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, டீயும் பன்னும், உப்பில்லாக் கஞ்சியும் மட்டுமே சாப்பிட்டு வாழும் முதியவருக்கு அந்தத் துணை கிடைப்பதில்லை. குடிக்கும் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடுகிறது. இவருக்கு வேண்டியது நல்ல சாப்பாடும், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட ஓர் ஆளும்.

ஆஸ்மொலாலிட்டி 100க்கு மேல் இருந்தால் ஏ.டி.எச். வேலை செய்கிறது என்று பொருள். அடுத்து சிறுநீரில் சோடியம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். அது 20, 30க்குக் கீழே இருந்தால் உடல் உப்பை இறுக்கிப் பிடிக்கிறது. வாந்தி பேதியில் வறண்டவரும், இதயம், கல்லீரல் நோயில் வீங்கியவரும் இப்படி இருப்பார்கள். 30க்கு மேல் இருந்தால் நீர் பிரியும் மாத்திரை, அட்ரினல் சுரப்பிக் குறைவு, அல்லது ஏ.டி.எச். கோளாறு என்று யோசிப்பார்கள்.

நான்காவது கேள்வி: மாத்திரைப் பையில் என்ன இருக்கிறது?

முன்பு சொன்ன தாயாருக்கு விடை இங்கேதான் கிடைத்தது. புதிய இரத்த அழுத்த மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் பிரியும் மருந்தும் சேர்ந்திருந்தது. நல்ல மருந்துதான், ஏராளமானோருக்குப் பயன்படுகிறது. ஆனால் மெலிந்த உடலுள்ள வயதான பெண்களில் சிலருக்கு, தொடங்கிய சில வாரங்களிலேயே சோடியத்தை இறக்கிவிடும். கூடவே கஞ்சிச் சாப்பாடும் அளவு மீறிய தண்ணீரும் சேர்ந்தன. மூன்றும் சேர்ந்து 114 ஆனது.

குளோர்தாலிடோன், இன்டாபமைடு ஆகியவையும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. பல கூட்டு மாத்திரைகளில் பெயரின் கடைசியில் ‘எச்’ என்ற எழுத்து மட்டும் இருக்கும். அது இந்த நீர் பிரியும் மருந்தைக் குறிக்கலாம். வலிப்புக்குத் தரும் கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின், மனச்சோர்வுக்குத் தரும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்றவையும் சிலருக்குச் சோடியத்தைக் குறைக்கும். இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அதனாலேயே வலிப்பு வரும். மருத்துவரிடம் காட்டுங்கள், அவர் முடிவு செய்யட்டும்.

நம் ஊருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. செங்கோட்டை எல்லை ஊர். ஒரு மாத்திரை தென்காசியில் எழுதியது, இன்னொன்று திருநெல்வேலியில் எழுதியது, மூன்றாவது புனலூரிலோ திருவனந்தபுரத்திலோ எழுதியது. வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பியது நான்காவது. ஒரு மருத்துவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. எல்லாம் ஒன்றாகச் சேரும் ஒரே இடம் நம் வீட்டு அலமாரி.

நம் பகுதியில் மறக்கக் கூடாத மூன்று பழைய கதைகள்

முதலாவது காசநோய். அது நுரையீரலில் இருக்கும்போதும் மூளை உறையில் இருக்கும்போதும் ஏ.டி.எச். கோளாறை உண்டாக்கும். அட்ரினல் சுரப்பிகளை அரித்து, கார்டிசாலைக் குறைத்தும் சோடியத்தை இறக்கும். 1855இல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் விவரித்த நோய் இது. தோலும் வாயின் உட்புறமும் கறுத்துப்போவது இதன் அடையாளம். வீட்டில் யாருக்காவது முன்பு காசநோய் இருந்திருந்தால், வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது கண்ணாடி விரியன் கடி. வயல் வேலையில் கடிபட்டுப் பிழைத்தவர்கள் நம் சுற்றுவட்டாரத்தில் உண்டு. அந்த விஷம் சிலருக்கு மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைச் சேதப்படுத்தும். கேரளத்திலும் பர்மாவிலும் மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். கடி ஆறி மாதங்களோ வருடங்களோ கழித்து அசதி, குறைந்த இரத்த அழுத்தம், குறைந்த சோடியம் என்று வரலாம். அப்போது பழைய பாம்புக்கடியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

மூன்றாவது பிரசவத்தில் ஏற்பட்ட பெரும் இரத்தப்போக்கு. அதிலும் அதே பிட்யூட்டரி பாதிக்கப்படலாம். இங்கிலாந்து மருத்துவர் ஷீஹான் 1937இல் விளக்கியதால் அவர் பெயராலேயே இதை அழைக்கிறார்கள். குழந்தைக்குப் பால் சுரக்கவில்லை, அதன்பின் மாதவிலக்கும் வரவில்லை என்பதே இதன் பழைய தடயம். இருபது வருடம் கழித்து ஒரு காய்ச்சலில் அந்தப் பெண் குழம்பிப்போய்க் கிடக்கும்போது, “கடைசிப் பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனதா? பிள்ளைக்குப் பால் கொடுத்தீர்களா?” என்ற கேள்வி உயிர் காக்கும். இதற்கு விடை தெரிந்தவர் பெரும்பாலும் அந்த வீட்டின் மூத்த பெண்மணிதான். மகன் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனால் இந்த விடை கிடைக்காது. இவருக்குத் தேவைப்படும் மருந்து கார்டிசால் வகை மாத்திரை. அது இல்லாமல் எவ்வளவு உப்பு கொடுத்தாலும் நிலைக்காது.

சோடியம் கூடிவிட்டால்

145க்கு மேல் போவதற்குக் காரணம், பெரும்பாலும் தண்ணீர் போய்ச் சேராததுதான். தாகம் எடுத்தால் எழுந்து குடிக்கும் மனிதனுக்குச் சோடியம் எளிதில் கூடாது. கூடியிருக்கிறதென்றால், அவருக்குத் தாகத்தைச் சொல்ல முடியவில்லை அல்லது எழுந்து எடுக்க முடியவில்லை. பக்கவாதத்தில் படுத்தவர், மறதி நோயுள்ளவர், காய்ச்சலில் கிடப்பவர், கைக்குழந்தை ஆகியோர்தான் இதில் சிக்குகிறார்கள்.

இங்கும் சிறுநீரைப் பார்த்தே காரணம் அறிகிறார்கள். சிறுநீர் குறைவாகவும் அடர்த்தியாகவும் இருந்தால், சிறுநீரகம் தன் வேலையைச் செய்கிறது. தண்ணீர் கொடுக்கப்படவில்லை அல்லது காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் போய்விட்டது என்று பொருள். இத்தனை சோடியத்திலும் சிறுநீர் வெள்ளமாக, வெறும் தண்ணீர் போலப் போனால், ஏ.டி.எச். சுரக்கவில்லை அல்லது சிறுநீரகம் அதைக் கேட்கவில்லை. மூளை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும், லித்தியம் மாத்திரை நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கும் இப்படி ஆகலாம். சர்க்கரை மிகக் கூடியவர்களுக்கும் சிறுநீரோடு தண்ணீர் போய்விடும்.

பச்சிளம் குழந்தைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். தாய்ப்பால் போதுமான அளவு கிடைக்காத முதல் வாரத்தில், வெயில் காலத்தில், குழந்தையின் சோடியம் மிக உயர்ந்துவிடுவது உண்டு. குழந்தை அழாமல் தூங்கிக்கொண்டே இருக்கும், பாட்டி “சமத்துப் பிள்ளை” என்பார். சிறுநீர் குறைவது, உடல் சுடுவது, பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவது ஆகியவை எச்சரிக்கை. அன்றே குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். கரைசலையும் இங்கே நினைவூட்டுகிறோம். 1971இல் வங்கதேச அகதிகள் தங்கிய பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலநபிஸ் உப்பு, சர்க்கரை, தண்ணீரை அளவோடு கலந்து குடிக்கக் கொடுத்து மரணங்களைப் பெருமளவு குறைத்தார். அந்தக் கரைசலின் வெற்றி அளவில் இருக்கிறது. இன்றைய கலவையில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் குழந்தைக்குச் சோடியம் ஆபத்தாக ஏறும். வயிற்றுப்போக்குக்கு வெறும் தண்ணீரை மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் இறங்கும். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று எழுதியிருக்கிறதோ அவ்வளவே.

ஏன் மெதுவாக ஏற்றுகிறார்கள்?

அந்தத் தாயாரின் மூத்த மகன் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் கோபப்பட்டார். “ரெண்டு நாளாச்சு, இன்னும் 124தான். சீக்கிரம் ஏத்த வேண்டியதுதானே? பில் ஏத்துறதுக்காக இழுக்கிறாங்களா?” என்றார். வேறு இடத்துக்கு மாற்றிவிடும்படியும் சொன்னார். எங்கள் குழுவில் உள்ள ஒருவர் மருத்துவரிடம் விளக்கம் கேட்டு அவருக்குச் சொன்னார்.

சோடியம் பல நாட்களாக மெல்ல இறங்கியிருந்தால், மூளை அதற்குத் தன்னைப் பழக்கிக்கொண்டிருக்கும். அதைத் திடீரென்று ஏற்றினால் மூளைத் தண்டின் நரம்பு உறைகள் சிதைந்துவிடும். 1959இல் அமெரிக்க மருத்துவர் ஆடம்ஸும் சகாக்களும் இந்தச் சிதைவை முதலில் விவரித்தார்கள். வேகமாக ஏற்றுவதே முக்கியக் காரணம் என்பது பின்னால் தெரிந்தது. நோயாளி முதலில் தெளிந்து பேசுவார். சில நாள் கழித்துப் பேச்சு குழறும், விழுங்க முடியாது, கைகால் விழுந்துவிடும். அதனால்தான் ஒரு நாளுக்கு 8 முதல் 10க்கு மேல் ஏறாதபடி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்து ஏற்றுகிறார்கள். வலிப்பு வந்தால் மட்டும், 3 சதவீத அடர் சலைனைச் சிறிதளவு உடனே கொடுத்து ஆபத்தைத் தாண்ட வைப்பார்கள். நாட்கணக்கில் கூடியிருக்கும் சோடியத்தை இறக்குவதும் இப்படித்தான், மெதுவாக.

இரண்டு நாளில் 114இலிருந்து 124 என்பது தாமதம் இல்லை, கவனம். மகன் அமைதியானார். ஆறாம் நாள் தாயார் பேத்தியைப் பெயர் சொல்லி அழைத்தார், அல்ஹம்துலில்லாஹ்.

நோன்பு வைப்போருக்கு

நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுவோர், இதயம், கல்லீரல், சிறுநீரக நோயுள்ளோர், கார்டிசால் மாத்திரையில் இருப்போர் ரமழானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து, நோன்பு வைக்கலாமா, மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதை ஏற்பது குறைவல்ல. நோன்பு திறந்ததும் தாகம் தீர ஒரே மூச்சில் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பதைத் தவிர்த்து, இஃப்தார் முதல் ஸஹர் வரை பிரித்துக் குடியுங்கள். நோன்பிருக்கும் முதியவர் குழம்பிப் பேசினால், பசி மயக்கம் என்று விட்டுவிடாதீர்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. வீட்டுப் பெரியவர்களின் எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் வையுங்கள். பெயர், தொடங்கிய தேதி, எழுதிய ஊர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது முதலில் எடுக்க வேண்டியது அந்தப் பை.

2. முதியவருக்குத் திடீர்க் குழப்பம், தள்ளாட்டம், அடிக்கடி விழுதல் வந்தால் அன்றே சர்க்கரையும் சோடியமும் பாருங்கள். ஓதிப் பார்ப்பதற்காக மருத்துவத்தைத் தாமதிக்க வேண்டாம். துஆவும் சிகிச்சையும் ஒன்றாக நடக்கட்டும். வலிப்போ மயக்கமோ என்றால் 108ஐ அழையுங்கள்.

3. நீர் பிரியும் மாத்திரை புதிதாகத் தொடங்கினால், சில வாரங்களில் சோடியம் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

4. மருத்துவரைக் கேட்காமல் உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். தெளிவில்லாதவருக்கு வாய்வழியாக எதையும் ஊற்றாதீர்கள்.

5. வாந்தி, வயிற்றுப்போக்கு, குடித்த தண்ணீரின் அளவு, சிறுநீர் போன அளவு, சாப்பாடு, பழைய காசநோய், பாம்புக்கடி, பிரசவ இரத்தப்போக்கு ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டின் மூத்த பெண் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

6. சிறுநீர்ப் பரிசோதனை எழுதினால் வீண் செலவு என்று தட்டாதீர்கள். செலவுக்கு வழியில்லை என்றால் எங்களிடம் சொல்லுங்கள்.

7. வீடு திரும்பிய பிறகு, எந்த மாத்திரையை நிறுத்தினார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை மறுபடி வாங்கிவிடாதீர்கள்.

கடைசியாகச் சொன்னது அந்தத் தாயார் வீட்டிலேயே நடக்கவிருந்தது. ஊர் திரும்பிய வாரத்தில், மீதமிருந்த பழைய அட்டையை வீணாக்க வேண்டாம் என்று மருமகள் எடுத்துவைத்திருந்தார். மாத்திரைப் பையைச் சரிபார்க்கப் போன எங்கள் சகோதரி ஒருவர் அதைக் கண்டு தனியே எடுத்துவைத்தார். பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை, ஒரு பையைத் திறந்து பார்த்ததுதான்.

இந்த இதழை வாசித்து முடித்ததும் உங்கள் வீட்டுப் பெரியவரின் மாத்திரைப் பையை ஒருமுறை திறந்து பாருங்கள். அல்லாஹ் நம் பெரியவர்கள் அனைவருக்கும் பூரண சுகத்தைத் தருவானாக. ஆமீன்.